அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கு விளையாட்டுப் பயிற்சி: முதல் பருவத்தைத் தொடங்குவது எப்படி?

அறிவுசார் குறைபாடு உள்ள சிலரைச் சேர்த்து வாரம் ஒருமுறை விளையாட்டுப் பயிற்சி நடத்த முடியுமா என்று உங்களிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், முன்னாள் விளையாட்டு வீரராக இருக்கலாம், அந்தக் குழுவில் ஒருவருக்கு அண்ணனாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். சிறப்புக் கல்வி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளையாட்டின் விதிகள் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நோட்டை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இறங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விழா நடத்தி, ஓடி வந்த எல்லாருக்கும் கோப்பை கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவது சுலபம். அதனால் யாருடைய ஓட்டமும் ஒரு நொடிகூட வேகமாகாது. தொடர்ந்த பயிற்சி, அளந்து பார்க்கும் முன்னேற்றம், தோற்கவும் வாய்ப்புள்ள நிஜப் போட்டி இந்த மூன்றும் இருந்தால்தான் அது விளையாட்டு. கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றுக்கான ஏற்பாடுகள்தான்.

1. யாருக்காக, எந்த வழியில்?

அறிவுசார் குறைபாடு என்றால் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, கற்றல், புரிதல், சிந்தித்து முடிவெடுத்தல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வரம்பு. நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) சுமார் 70 முதல் 75க்குக் கீழே இருப்பதை இதற்கு எல்லையாக வைக்கிறார்கள். இன்னொன்று, அன்றாட வாழ்க்கைத் திறன்களில் உதவி தேவைப்படுவது. இரண்டும் வளரும் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் (கூடுதல் குரோமோசோமால் பிறவியிலேயே வரும் நிலை) உள்ளவர்கள் பெரும்பாலும் இதில் அடங்குவார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கும், சிலருக்கு இருக்காது. பெருமூளை வாதம் உடல் இயக்கம் சார்ந்தது. அதை மட்டும் பார்த்து அறிவுசார் குறைபாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

போட்டி விளையாட்டுக்குப் பொதுவாக மூன்று பாதைகள் உண்டு. புதியவர்கள் பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே இயங்கும் உலகளாவிய அமைப்பு. அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் தன் வீட்டு வளாகத்திலேயே நடத்திய கோடை முகாமில் இதன் வேர் இருக்கிறது. முதல் சர்வதேசப் போட்டி 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் நடந்தது. திறமை எந்த அளவில் இருந்தாலும் இங்கே இடம் உண்டு. 8 வயது நிறைந்தால் போட்டியில் பங்கேற்கலாம், மேல் வயது வரம்பு கிடையாது. 2 முதல் 7 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு, ஓடுதல், எறிதல், சமநிலை போன்ற அடிப்படைகளைச் சொல்லித்தரும் தனித் திட்டம் இருக்கிறது.

இரண்டாவது விர்டஸ். 1986இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு இது. உயர்மட்டப் போட்டிக்கான பாதை, தகுதி நிரூபணம் கடுமையாக இருக்கும். அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் என்று தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பாராலிம்பிக்ஸ். இதில் அறிவுசார் குறைபாட்டுக்குத் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் என்று குறைவான போட்டிகளே உண்டு. தகுதி நிரூபணம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் கூடைப்பந்துத் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அறிவுசார் குறைபாடே இல்லை என்று பின்னால் தெரியவந்தது. ஏமாற்றியவர்கள் சிலர், விலை கொடுத்தது உலகெங்கும் இருந்த நிஜமான வீரர்கள். அடுத்த இரண்டு பாராலிம்பிக்ஸிலும் அவர்களுக்கு இடமே இல்லை. 2012 லண்டனில்தான் திரும்ப வந்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வழியில் ஆரம்பியுங்கள். உங்கள் பகுதியில் அதன் கிளை இருக்கிறதா என்று விசாரித்து, அவர்களிடம் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தந்த விளையாட்டுக்கான பயிற்சிக் கையேடுகள் கிடைக்கும். மிக வேகமான ஒருவர் குழுவில் தென்பட்டால் மற்ற இரண்டு பாதைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. மருத்துவப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள்

பதிவு செய்ய மருத்துவரின் பரிசோதனைப் படிவம் தேவைப்படும். அதை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டு மறந்துபோவது பரவலாக நடக்கிறது. படிவத்தில் இருப்பது மைதானத்தில் நிற்கும் ஆளுக்குத் தெரிய வேண்டும். குறிப்பாக நான்கு விஷயங்கள்.

இதயம்: டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். பலருக்குச் சிறு வயதிலேயே அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். எவ்வளவு கடுமையான பயிற்சி தரலாம் என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் பழக்கம் இவர்களிடம் செல்லாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உச்சத் துடிப்பு இயல்பாகவே குறைவு. அந்த எண்ணை எட்டவில்லையே என்று விரட்டாதீர்கள். ஓடும்போது பேச முடிகிறதா, முகம் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்ப்பதே நல்ல அளவுகோல்.

கழுத்து: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும். அங்கே தண்டுவடம் நசுங்க வாய்ப்புண்டு. கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், நடையில் திடீர் மாற்றம், கை கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்தால் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது, பட்டாம்பூச்சி நீச்சல், குட்டிக்கரணம், உயரம் தாண்டுதல், தலையால் பந்தை முட்டுவது, ஜூடோ, தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது ஆகியவற்றைக் கழுத்து பற்றி மருத்துவர் தெளிவாகச் சொல்லும் வரை தொட வேண்டாம்.

வலிப்பு: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கும். அதற்காக ஒருவரை ஓரமாக உட்காரவைக்க வேண்டியதில்லை. வலிப்பு எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், அப்புறம் எப்படி இருப்பார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிவையுங்கள். வந்துவிட்டால் சுற்றியுள்ள பொருள்களை விலக்குங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், அசைவு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். நீச்சல் குளத்தில் இவருக்கென்றே ஒருவர், கண்ணை எடுக்காமல், எப்போதும் இருக்க வேண்டும்.

மருந்துகள்: வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். அப்படிப்பட்டவர் வெயிலில் வேகமாகச் சூடேறிவிடுவார், தாகம் என்று சொல்லவும் மாட்டார். கேட்டுக் கொடுப்பதைவிட, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று ஒரு வழக்கமாக்கிவிடுவது நல்லது.

வலி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள், வலியைத் தாமதமாகக் காட்டுபவர்கள் இருப்பார்கள். நொண்டல், ஒரு கையை மட்டும் உபயோகிக்காமல் வைத்திருத்தல், காரணமில்லாத எரிச்சல், வழக்கமாக ஓடி வருபவர் வர மறுத்தல் எல்லாவற்றையும் முதலில் வலியாகவே சந்தேகப்படுங்கள்.

3. வீட்டாரிடம் பேசுங்கள், வீரரிடமும் பேசுங்கள்

பெரும்பாலான பயிற்சியாளர்கள் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவார்கள். விளையாடப் போகிறவர் அங்கேதான் நிற்கிறார். அவரைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அவரிடம் முதலில் கேளுங்கள். முப்பது வயதுக்காரரைக் 'குழந்தை' என்று அழைப்பது, கன்னத்தைக் கிள்ளுவது, மழலைக் குரலில் பேசுவது எல்லாம் வேண்டாம். அந்த வயதுள்ள வேறு யாரையும் எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழையுங்கள்.

கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'உனக்கு நீச்சல் பிடிக்குமா?' என்று கேட்டால் பலர் உங்களைச் சந்தோஷப்படுத்த 'ஆமாம்' என்பார்கள். 'நீச்சலா, ஓட்டமா?' என்று கேட்டால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்வார்கள். படங்களைக் காட்டித் தொடச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் கழித்துப் படங்களின் வரிசையை மாற்றித் திரும்பக் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே படத்தைத் தொட்டால் அது அவருடைய விருப்பம்.

வீட்டாரிடம் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. எப்படித் தகவல் சொல்வார்: பேச்சா, சைகையா, படமா? எந்தச் சத்தம் பிடிக்காது? கோபம் வரும் முன் என்ன அறிகுறி தெரியும்? எது அமைதிப்படுத்தும்? கழிப்பறைக்கு உதவி வேண்டுமா? தனியாக வெளியே நடந்து போய்விடும் பழக்கம் உண்டா? இவற்றையெல்லாம் ஒருவருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள். நீங்கள் வராத நாளில் வேறொருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சமாளிக்க முடிய வேண்டும்.

4. விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பருவத்தில் ஒரே ஒரு விளையாட்டு போதும். தடகளம் எளிதான தொடக்கம். செலவு குறைவு, விதிகள் சுருக்கம், முன்னேற்றத்தை நொடியிலும் மீட்டரிலும் அளந்துவிடலாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தடகளத்தில் நெடுந்தூர ஓட்டம் முதல் 25 மீட்டர் நடை, டென்னிஸ் பந்து எறிதல் வரை இருப்பதால் யாரையும் வெளியே நிறுத்த வேண்டி வராது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் போட்டிகள் உண்டு.

கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காதவருக்குப் பவுலிங் (பந்தை உருட்டி முளைகளைச் சாய்க்கும் ஆட்டம்), போச்சே போன்றவை பொருந்தும். போச்சே என்பது சிறிய பந்து ஒன்றைக் குறியாக வைத்து, பெரிய பந்துகளை அதற்கு அருகே உருட்டும் ஆட்டம். தன் முறை வரும் வரை காத்திருக்கக் கற்றுத்தருவதற்கும் நல்லது. அணி விளையாட்டில் ஆசை இருந்தும் ஆட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவருக்கு, பந்து கடத்துதல், குறி பார்த்து எறிதல் போன்ற தனித்திறன்களை மட்டும் மதிப்பிடும் போட்டிகள் இருக்கின்றன. உடல் இயக்கம் மிகவும் குறைந்தவர்களுக்கு இயக்கத் திறன் பயிற்சித் திட்டம் என்று தனியாக உண்டு. அதில் ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை. அவரவர் இலக்கு, அவரவர் முன்னேற்றம்.

5. இடம், ஆட்கள், முதல் நாள்

நான்கு வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தண்ணீரில் அதைவிட அதிக ஆட்கள் தேவை. பயிற்சி தொடங்கும் முன் மைதானத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். திறந்த கதவுகள் எத்தனை, சாலை எவ்வளவு தூரம், எதிரொலி எப்படி, கழிப்பறை எங்கே என்று பாருங்கள். சத்தம் தாங்காதவர் போய் உட்கார அமைதியான ஒரு மூலை வேண்டும். ஓரமாக ஒரு விரிப்பு போட்டாலும் போதும்.

ஒவ்வொரு வாரமும் வரிசை மாறக் கூடாது. வரவேற்பு, உடலைச் சூடாக்குதல், திறன் பயிற்சி, சின்ன ஆட்டம், தளர்த்தும் பயிற்சி, விடைபெறுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டிய அட்டை தயாரித்து, முடிந்ததைத் திருப்பிவைத்துக்கொண்டே போங்கள். அடுத்து என்ன, எப்போது முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் தொடங்கி, பழகப் பழக ஒன்றரை மணி வரை நீட்டலாம்.

முதல் நாளில் எதையும் கற்றுத்தர முயலாதீர்கள். இடத்தைச் சுற்றிக் காட்டி, எல்லாரையும் ஓடவிட்டு, எறியவிட்டு, வேடிக்கை பாருங்கள். வாசலிலேயே நின்று உள்ளே வர மறுப்பவர் ஒருவராவது இருப்பார். வாசலில் நிற்பதே அன்றைய பங்கேற்பு என்று விட்டுவிடுங்கள்.

6. கற்றுத்தருவது

இதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்கான முன்னேற்பாடு.

ஓட்டத்தில் நின்றபடி புறப்படுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே அசைவு. பிரித்துப் பார்த்தால் ஏழு இருக்கிறது: கோட்டுக்கு வருதல், முன்கால் கோட்டைத் தொடாமல் நிறுத்தல், மறுகாலைப் பின்னே வைத்தல், முழங்காலை மடக்குதல், எதிர்க் கையை முன்னே கொண்டுவருதல், சத்தம் வரும் வரை அசையாமல் இருத்தல், ஓடுதல். ஒருவருக்கு எந்தப் படி தடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அநேகமாக அது ஆறாவதாக இருக்கும். காத்திருப்பதுதான் கஷ்டம். அப்படியென்றால் ஓட்டத்தையே விட்டுவிட்டு, பத்து நிமிடம் 'சத்தம் கேட்டால் ஓடு' விளையாட்டு மட்டும் விளையாடுங்கள். முதலில் ஒரு நொடி இடைவெளி, பிறகு இரண்டு, பிறகு மூன்று.

உதவியிலும் படிகள் உண்டு. முதலில் வாயால் சொல்லுங்கள். நடக்கவில்லையா, நீங்களே செய்து காட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் காலைச் சுட்டிக்காட்டுங்கள். கடைசியாகத்தான், 'உங்கள் கையைப் பிடிக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு, பிடித்து வைத்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் ஒரு படி குறைவான உதவியோடு முயலுங்கள். நோட்டில் ஏழு படிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தானாக', 'சொன்னால்', 'காட்டினால்', 'பிடித்தால்' என்று குறித்துக்கொண்டே வந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் தாளில் தெரியும். 'பிடித்தால்' என்பதில் இருந்தவர் 'காட்டினால்' என்பதற்கு வந்திருப்பார். பெற்றோரிடம் காட்ட இதைவிடச் சிறந்த சான்றிதழ் கிடையாது.

சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இது எழுதும்போது எளிது. நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்து, புரிந்து, உடம்பு நகர ஐந்து முதல் பத்து நொடி ஆகலாம். அந்த இடைவெளியில் பதறிப்போய் வேறு வார்த்தையில் திரும்பச் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள். திரும்பச் சொல்ல நேர்ந்தால் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உதவியாளர்கள் மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு வீரருக்கு ஒரு நேரத்தில் ஒரு குரல்.

வார்த்தைகள் குறைவாக, நேரடியாக இருக்கட்டும். 'கோட்டைத் தாண்டாதே' என்பதைவிட 'கோட்டுக்குள் ஓடு' புரியும். 'சிங்கம் மாதிரி பாய்' என்றால் ஒருவர் நிஜமாகவே நாலு காலில் நிற்கக்கூடும். இடது வலது குழம்பினால் ஒரு காலணியில் சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டு 'சிவப்புக் கால் முன்னே' என்று சொல்லுங்கள். தரையில் கோடு, வளையம், கூம்பு என்று கண்ணால் பார்க்கும் குறிகள் இருந்தால் பேச்சே பாதி குறைந்துவிடும்.

ஓட்டப் பயிற்சியில் எல்லா இடத்திலும் வரும் ஒரு சிக்கல்: முடிவுக் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள், அல்லது பின்னால் வரும் நண்பனுக்காக மெதுவாக ஓடுவார்கள். நண்பனுக்காக நிற்பதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து கைதட்டுபவர்கள் நிறையப் பேர். பயிற்சியாளர் கைதட்டினால் அவர் ஒவ்வொரு முறையும் நிற்பார். கோட்டைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் தள்ளி ஒரு உதவியாளரை நிறுத்தி, அவர் கையைத் தட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். கொஞ்ச வாரங்களில் உதவியாளருக்குப் பதில் ஒரு கூம்பு, அதற்கும் அப்புறம் எதுவும் இல்லாமல்.

பாராட்டு உடனே வர வேண்டும், எதற்கென்று தெரிய வேண்டும். 'சூப்பர்' என்று நூறு முறை சொல்வதால் பயனில்லை. 'சத்தம் வரும் வரை அசையவே இல்லை, நன்று' என்றால் அடுத்த முறையும் அசையமாட்டார்.

7. மறுப்பும் கோபமும்

ஒருவர் தரையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடம் என்று முடிவுகட்டும் முன் வரிசையாக விலக்கிப் பாருங்கள்: வலியா, தாகமா, கழிப்பறையா, சத்தமா, நீண்ட காத்திருப்பா, சொன்னது புரியவில்லையா, செய்யக் கஷ்டமாக இருக்கிறதா, இல்லை, வெறுமனே போரடிக்கிறதா? அது நடப்பதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது என்று நோட்டில் மூன்று வரி எழுதினால் சில வாரங்களில் காரணம் தானாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் விசில் ஊதியதும்தான் உட்காருகிறார் என்றால் விசிலை விட்டுவிட்டுக் கையை உயர்த்துங்கள்.

'ஓய்வு' என்று எழுதிய, படம் போட்ட அட்டை ஒன்றை எல்லாருக்கும் கொடுங்கள். அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் ஓரத்துக்குப் போக அனுமதி. எல்லாரும் எப்போதும் ஓய்வே எடுப்பார்களே என்ற பயம் வரும். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தபின் அட்டையின் தேவை குறைந்துகொண்டே வரும்.

8. போட்டிக்குத் தயாராகுதல்

முதல் போட்டிக்கு முன் குறைந்தது எட்டு வாரமாவது தொடர்ந்து பயிற்சி இருக்கட்டும். இங்கே ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் பிரிவு முறையைப் புரிந்துகொள்வது முக்கியம். முதலில் ஆண், பெண் என்றும் வயதுக் குழுவாகவும் பிரிப்பார்கள். தனிநபர் விளையாட்டுகளில் 8-11, 12-15, 16-21, 22-29, 30க்கு மேல் என்று வயதுக் குழுக்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய நேரம் அல்லது தூரத்தையும், அங்கே நடக்கும் முதல்கட்ட ஓட்டத்தையும் வைத்து, ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்களை ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். ஒரு பிரிவில் 3 முதல் 8 பேர். 100 மீட்டரை 14 நொடியில் ஓடுபவர் ஒரு பிரிவில், 30 நொடியில் ஓடுபவர் இன்னொன்றில். இரண்டிலும் தங்கம் உண்டு, இரண்டிலும் தோல்வியும் உண்டு. முதல் மூன்று இடங்களுக்குப் பதக்கம், எட்டாவது இடம் வரை ரிப்பன்.

சிலருக்கு இதில் ஒரு குறுக்கு யோசனை வரும்: முதல்கட்டத்தில் மெதுவாக ஓடச் சொல்லி, பலவீனமான பிரிவில் சேர்ந்து, இறுதியில் வேகமாக ஓடி ஜெயிக்கலாமே என்று. அதைத் தடுக்க, எல்லாச் சுற்றிலும் முழு முயற்சியோடு போட்டியிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. முதல்கட்டத்தைவிட இறுதியில் நம்ப முடியாத அளவுக்கு முன்னேறியவரைத் தகுதி நீக்கம் செய்யவும் வழி உண்டு. அதனால் பயிற்சியில் எடுத்த உண்மையான, சமீபத்திய நேரத்தையே எழுதி அனுப்புங்கள். நோட்டு இங்கே மீண்டும் கைகொடுக்கும்.

அடுத்த நிலைப் போட்டிக்குத் தேர்வு செய்யும் முறை புதியவர்களை ஆச்சரியப்படுத்தும். எல்லாப் பிரிவுகளிலும் முதலிடம் பெற்றவர்களுக்குள் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். மிக வேகமானவரே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு பெரிய வருத்தமாகிவிடும்.

போட்டி நாளை முன்பே ஒத்திகை பாருங்கள். மார்பில் எண் ஒட்டிக்கொள்வது, பெயர் கூப்பிடும் இடத்தில் காத்திருப்பது, புறப்பாட்டுத் துப்பாக்கிச் சத்தம், ஒலிபெருக்கி, அந்நியர் ஒருவர் கையைப் பிடித்து வழிகாட்டுவது எல்லாமே புதிது. துப்பாக்கிச் சத்தத்தைக் கைப்பேசியில் குறைந்த ஒலியில் தொடங்கிப் பழக்கலாம். தேவைப்பட்டால் காதுக்கு ஒலித்தடுப்பு அணிவிக்கலாம், அமைப்பாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். மாற்று உடை, மருந்து, நோட்டு, படஅட்டைகள் ஒரே பையில்.

தோற்று அழுபவரிடம் 'நீயும் ஜெயித்தாய்' என்று பொய் சொல்லாதீர்கள். அவருக்கு எண்ணத் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள். அழுது முடித்தபின் இன்றைய நேரத்தையும் முதல் வார நேரத்தையும் நோட்டில் காட்டுங்கள்.

9. கலப்பு அணிகள்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறை 1980களின் இறுதியில் தொடங்கியது. ஐவர் கால்பந்திலும் கூடைப்பந்திலும் களத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள மூன்று வீரர்களும், குறைபாடு இல்லாத இரண்டு துணை ஆட்டக்காரர்களும் இருப்பார்கள். துணை ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அதே வயதும் அதே திறமையும் உள்ளவர்களாக இருப்பது அவசியம். கல்லூரி அணியின் நட்சத்திரம் வந்து பந்தை வாங்கி எல்லா கோலையும் அவரே போட்டுவிட்டால் மற்ற மூவரும் பார்வையாளர்களே. நேர்மாறான தவறும் உண்டு: பந்தை வாங்கி உடனே விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. இரண்டையும் பயிற்சியில் நிறுத்திப் பேசித் திருத்துங்கள். முதல் பருவத்திலேயே இதில் இறங்க வேண்டியதில்லை. உங்கள் வீரர்களுக்கு அடிப்படைத் திறன்கள் வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.

10. பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நடந்ததைச் சொல்லத் தெரியாமல் போவதும், சொன்னாலும் நம்பப்படாமல் போவதும் அதற்குக் காரணங்கள். எனவே எந்தப் பெரியவரும் ஒரு வீரரோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. உடை மாற்றவும் கழிப்பறைக்கும் யார் உதவுவது என்பதை வீட்டாரோடும் வீரரோடும் பேசி எழுதிவையுங்கள். தன்னார்வலர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் பின்னணி விசாரித்தே சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் பகிர வேண்டாம், வயது வந்தவரென்றால் அவரிடமே அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு யாரோடு போகிறார் என்று ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்குங்கள், ரொம்பத் தெரிந்த குடும்பமாக இருந்தாலும் சரி.

11. பருவம் முடிந்தபின்

இரண்டு வாரம் விட்டுவிட்டு நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். யாருக்கு எந்தப் படி நின்றுபோனது, யார் வேறு விளையாட்டுக்கு மாறலாம், யார் பாதியில் வராமல் போனார் என்று தெரியும். வராமல் போனவர்களுக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் காரணம் ஆர்வக் குறைவாக இருக்காது. கூட்டிவர ஆளில்லை, வண்டி இல்லை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது இருக்கும். இரண்டு குடும்பங்களைப் பேசவைத்து ஒரே வண்டியில் வர ஏற்பாடு செய்தால் தீர்ந்துவிடும்.

போட்டி நடக்கும் இடங்களில் பல், கண், காது, பாதம் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் முகாம்களை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997 முதல் நடத்திவருகிறது. அதில் கண்ணாடி தேவை என்று எழுதிக் கொடுத்திருந்தால், கண்ணாடி வாங்கியாகிவிட்டதா என்று இப்போது விசாரியுங்கள். பந்தைப் பிடிக்கத் தெரியாது என்று நீங்கள் நினைத்திருந்தவருக்குப் பந்தே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

கூடவே, குழுவில் பழகிவிட்ட ஒருவரிடம் அடுத்த பருவத்தில் வேலை ஒன்றை ஒப்படைக்க முடியுமா என்று யோசியுங்கள். உடலைச் சூடாக்கும் பயிற்சியை முன்னின்று நடத்துவது, புதிதாக வருபவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது, நிறுத்துகடிகாரத்தைப் பிடிப்பது என்று தொடங்கலாம். உதவிப் பயிற்சியாளராகவும் நடுவராகவும் ஆக அவர்களுக்கென்றே பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. பதிவுக்குக் கடைசித் தேதி எது என்று கிளையில் இப்போதே கேட்டுவையுங்கள்.